மூன்றாம் மேசைக் கால்வனாமீட்டர்: ஆய்வகத்தில் ஓர் ஆசிரியர் உருவான நிகழ்வு

பின்னணி

இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இயற்பியல் துறையில் 2022 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இதன் மையத்தில் இருப்பவர் அப்போது முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்த மாணவி ஒருவர். ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பின் முதலாண்டு ஆய்வகத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த நான், நடந்தவற்றில் பெரும்பகுதியை நேரில் பார்த்தவன் என்ற முறையிலும் சில முடிவுகளுக்கு நானே பொறுப்பு என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். ஆட்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆய்வு மாணவி இதைப் படித்து, இரண்டு இடங்களில் என்னைத் திருத்தியிருக்கிறார்.

அவருடைய ஆய்வு துத்தநாக ஆக்சைடு மென்படலங்கள் பற்றியது. கரைசலைச் சூடான கண்ணாடித் தகட்டின்மேல் தூவிப் படலமாக்குவது, அதன் படிக அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராயும் எக்ஸ்.ஆர்.டி. கருவியில் அளப்பது, ஒளி ஊடுருவலைப் பார்ப்பது என்ற வழக்கமான பாதை. பாடம் நடத்துவதில் அவருக்கு ஆர்வம் இருந்ததாக அதுவரை எவரும் சொன்னதில்லை. கல்லூரியில் தமக்கு நடத்தப்பட்ட இயற்பியல் வகுப்புகளைப் பற்றி அவர் ஒருமுறை பேசியபோது, மூன்று ஆண்டுகளில் தமக்கு மிச்சமானது வலது கை நடுவிரலில் ஒரு காய்ப்பு மட்டுமே என்றார். அத்தனையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட குறிப்புகள். ஆய்வுப் படிப்பை முடித்து ஏதேனும் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்விட வேண்டும், எந்நிலையிலும் கரும்பலகைக்கு முன் நிற்கக்கூடாது என்பதே அவருடைய திட்டமாக இருந்தது.

அந்தப் பருவத்தில் முதலாண்டு ஆய்வகத்தைக் கவனித்துவந்த கௌரவ விரிவுரையாளர் வேறிடத்துக்குப் போய்விட்டார். மாற்று ஏற்பாடு ஆகும்வரை ஆய்வு மாணவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று துறைத் தலைவர் முடிவு செய்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவ, எக்ஸ்.ஆர்.டி. கருவி பழுதாகி மாதிரிகள் எல்லாம் வரிசையில் காத்துக் கிடந்ததால் கையில் நேரம் இருந்த இவர் மாட்டிக்கொண்டார். வாரத்தில் இரண்டு பிற்பகல்கள், மொத்தம் ஆறு மணி நேரம்.

முதலாண்டு மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 2022இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்த இவர்கள், பதினோராம் வகுப்பின் பெரும்பகுதியைக் கல்வித் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் கழித்து, தேர்வே எழுதாமல் அனைவரும் தேர்ச்சி என்ற அறிவிப்பின்கீழ் அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள். ஏறக்குறைய பாதிப்பேர் தமிழ்வழியில் படித்த அரசுப் பள்ளி மாணவர்கள். மின்னழுத்தங்களை ஒப்பிட்டு அளக்கும் மின்னழுத்தமானியின் தத்துவத்தைப் பத்து வரிகளில் பிழையின்றி எழுதக்கூடியவர்கள் அவர்களில் பலர் இருந்தார்கள். கருவியைக் கையால் தொட்டவர்கள் சிலரே.

முதல் மாதத்தில் கண்டது

முதல் மாதம் சொல்வதற்கு ஏதுமின்றிப் போயிற்று. வருகைப் பதிவு, சுற்று இணைப்பைச் சரிபார்த்தல், அளவீட்டு நோட்டில் கையெழுத்து, ரெக்கார்டில் கையெழுத்து என்று அவர் தம் வேலையைச் சுத்தமாகவும் ஆர்வமின்றியும் செய்தார். மாணவர்கள் அவரை மேடம் என்றே அழைத்தார்கள். எங்கள் துறையில் இளநிலையினர் ஆய்வு மாணவிகளை அக்கா என்றுதான் கூப்பிடுவது வழக்கம். இவரிடம் அந்த நெருக்கம் உண்டாகவில்லை.

அக்டோபரில் சுழற்சி முறையில் மின்னழுத்தமானிச் சோதனை மூன்றாம் மேசையில் வைக்கப்பட்டிருந்தது. பத்துக் கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். டேனியல் மின்கலத்தின் 1.08 வோல்ட்டைப் படியளவாகக் கொண்டு, குறை நெடுக்க வோல்ட்மீட்டர் ஒன்றின் பிழையைக் கண்டறிய வேண்டும். செம்புக் கலத்தில் மயில்துத்தக் கரைசலை ஊற்றி, நுண்துளைக் குடுவையில் நீர்த்த கந்தக அமிலமும் துத்தநாகத் தண்டும் வைத்து, மாணவரே மின்கலத்தைத் தயார் செய்துகொள்வார். பிறகு ஜாக்கி என்னும் தொடுமுனையால் கம்பியில் அங்கங்கே தொட்டு, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டரின் ஊசி அசையாமல் நிற்கும் இடத்தைத் தேட வேண்டும். அந்த இடத்தில் கால்வனாமீட்டர் வழியே மின்னோட்டம் இல்லை. கம்பியின் தொடக்க முனையிலிருந்து அதுவரை உள்ளதே சமநிலை நீளம்.

மூன்று வாரங்களில் ஆறு மாணவர்கள் அந்த மேசையில் தனித்தனியே சோதனை செய்தார்கள். ஐந்து பேர் நிறைவான அட்டவணையும் அழகான வரைபடமும் கொடுத்தார்கள். ஆறாமவர் கொடுத்த அட்டவணையில் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அடியில் பென்சிலால் தமிழில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தார்: எங்கே வைத்தாலும் ஊசி சுழியிலேயே நிற்கிறது. ஆய்வு மாணவி ஐந்து பேருக்குக் கையெழுத்திட்டு, ஆறாமவரின் நோட்டில் சிவப்பு மையால் ரிப்பீட் என்று எழுதினார்.

நான்காம் வாரம், கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் போகிறபோக்கில் சொன்னார்: “அந்த மூணாவது டேபிள் கால்வனாமீட்டர் ஒரு வருஷமா செத்துக் கெடக்குது மேடம். வேற மாத்தித் தரட்டுங்களா?”

இதன் பொருளை ஆய்வகம் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊசி இறுகிப்போன கால்வனாமீட்டர் எப்போதும் சுழியையே காட்டும். சமநிலைக்கு அடையாளமும் சுழிதான். ஆகவே அந்த மேசையில் கம்பியின் எந்தப் புள்ளியும் சமநிலைப் புள்ளிபோலத் தோன்றும். கம்பியின் இரு முனைகளிலும் தொட்டால் ஊசி எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும் என்பதுதான் இணைப்புச் சரியா என்று அறியும் முதல் சோதனை. அதை அந்த மேசையில் எவரும் கண்டிருக்க முடியாது. ஐந்து பேரின் அட்டவணைகள் மூத்த மாணவர் ஒருவரின் ரெக்கார்டிலிருந்து வந்தவை. மேசையில் நடந்ததை நடந்தபடி எழுதிய ஒரே மாணவருக்குத்தான் ரிப்பீட் கிடைத்திருந்தது.

அன்று மாலை அவர் என் அறைக்கு வந்து, தம் ஆய்வில் இப்படி ஓர் அளவீட்டை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். தம் மாதிரிகளில் ஒன்று எதிர்பாராத முடிவு காட்டினால் கருவியைச் சந்தேகிப்பார். இங்கே மாணவரைச் சந்தேகித்திருக்கிறார். இந்த ஒப்பீடு அவரை உலுக்கியது என்பது எனக்குத் தெரிந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது தெரியவில்லை. நான் ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

முதல் முடிவு

ஐந்து பேரையும் தண்டிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. எங்கள் மதிப்பீட்டு முறையில் நிறைவான அட்டவணைக்கு மதிப்பெண் உண்டு, வெறுமையான அட்டவணைக்கு இல்லை. கையெழுத்து வாங்குவதற்கு மூன்று மணி நேரமே அவகாசம். அந்த நிலையில் நகலெடுப்பது மாணவரின் ஒழுக்கக்கேடு என்பதைவிட நாங்கள் வைத்த விதிக்கு அவர்கள் கண்டுபிடித்த எளிய தீர்வு. நான் முழுமையாக உடன்படவில்லை. ஆனாலும் அவர் போக்கில் விட்டேன்.

அடுத்த பிற்பகலில் அவர் எல்லார் முன்னிலையிலும் அந்த ஆறாம் மாணவரின் நோட்டை எடுத்து, ரிப்பீட் என்பதை அடித்து, கருவிப் பழுதைக் கண்டறிந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டார். தவறு தம்முடையது என்றும் சொன்னார். அந்த மாணவர் எழுந்து நின்றுகொண்டு, “நான்தான் கனெக்‌ஷன் தப்பா குடுத்துட்டேன்னு நெனச்சேன் மேடம். மூணு தடவ பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன்” என்றார். மூன்று மணி நேரமும் அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதே நாளில் இரண்டு மாற்றங்கள் வந்தன. நடக்காத சோதனையையும் நடக்காதபடியே எழுதலாம், அதற்கும் கையெழுத்து உண்டு என்பது ஒன்று. சோதனை தொடங்குமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள், ஏன் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ அரைப்பக்கம் எழுதித் தர வேண்டும் என்பது மற்றொன்று. இந்த அரைப்பக்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வைத்தால் அதுவும் எங்கிருந்தாவது வந்துவிடும் என்று அவர் கணித்தார். அந்தக் கணிப்புப் பின்னர் வேறு வகையில் பலித்தது.

கரண்ட் பில்லும் கடைமடையும்

நவம்பரில் அவர் பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு சிறு சோதனையைச் சேர்த்தார். ஒரே மாதிரியான இரண்டு டார்ச் பல்புகளை ஒரு மின்கலத்துடன் தொடராக இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்? விடை, இரண்டும் ஒன்றுபோல. முன்கணிப்புத் தாள்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதல் பல்பு என்று எழுதியிருந்தார்கள். கரண்ட் அதில்தான் முதலில் நுழைகிறது, அங்கே கொஞ்சம் செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் இரண்டாவதற்குப் போகும் என்பது காரணம்.

இந்தப் பிழை எங்கள் மாணவர்களுக்கு மட்டும் உரியது அன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லில்லியன் மெக்டெர்மாட் குழுவினர் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். தனியே ஒரு பல்பு, தொடராக இரண்டு, பக்க இணைப்பில் இரண்டு என ஐந்து பல்புகளைப் பிரகாச வரிசைப்படி அடுக்கச் சொல்லும் எளிய கேள்விக்கு, நுண்கணித அடிப்படையில் இயற்பியல் படித்த பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே சரியாக விடை சொன்னதாக அவர்கள் 1992இல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை நான் ஆய்வு மாணவிக்குக் கொடுத்தேன். ஆனால் அவரைப் பிடித்துக்கொண்டது கட்டுரை அன்று. ஒரு மாணவி கேட்ட கேள்வி.

இரண்டு பல்புகளும் ஒன்றுபோல எரிவதைப் பார்த்த பிறகும் அந்த மாணவி விடவில்லை. “மாசம் பூரா கரண்ட யூஸ் பண்றோம், அதுக்குத்தானே கரண்ட் பில் கட்டுறோம்? செலவாகலேன்னா எதுக்கு மேடம் பில்லு?” என்றார். ஆய்வு மாணவியால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தெரியாமல் இல்லை, மின்னோட்டம் சுற்று முழுவதும் ஒன்றே, செலவாவது ஆற்றல், மின்வாரியம் கணக்கிடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் ஆற்றல் என்பதெல்லாம் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் கேள்வி அங்கே இல்லை என்பதை அவர் உணர்ந்தார். பாடநூலில் மின்னோட்டம், மின்னழுத்தம், மின்னாற்றல், மின்திறன் என்று நான்கு சொற்கள். வீட்டில் நான்குக்கும் ஒரே சொல்தான். கரண்ட் போய்விட்டது என்றால் மின்வழங்கல் நின்றது. கரண்ட் கம்மியாக வருகிறது என்றால் மின்னழுத்தம் குறைவு. கரண்ட் அதிகம் இழுக்கிறது என்றால் திறன். கரண்ட் பில் என்றால் ஆற்றல். மாணவி தவறாக நினைக்கவில்லை, தம் மொழியில் முற்றிலும் சரியாகவே நினைத்திருக்கிறார். தேர்வுத்தாளில் மின்னோட்டம் என்று எழுதும்போது மட்டும் அந்தச் சொல் வேறு வீட்டுக்குக் குடிபோய்விடுகிறது.

அன்று அவர் சொன்ன பதில், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்பது. அடுத்த வகுப்பில் நம் எல்லார்க்கும் கற்பிக்கப்பட்ட குழாய்த் தண்ணீர் உவமையோடு வந்தார். அதுவும் கவிழ்ந்தது. காவிரிப் பாசனப் பகுதியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், தண்ணீர் என்றால் தலைமடைக்காரன் பாய்ச்சியதுபோக மிச்சம்தான் கடைமடைக்கு, அதுவும் பல வருஷம் வந்து சேராது, ஆகவே முதல் பல்புதான் நன்றாக எரிய வேண்டும் என்று வாதிட்டார். உவமை எந்தப் பிழையைப் போக்க வந்ததோ அதையே ஊன்றி நட்டுவிட்டது. இருபது ஆண்டுகளாக நானும் அதே குழாய் உவமையைச் சொல்லிவந்திருக்கிறேன். எவரும் மறுத்துப் பேசியதில்லை. மறுக்கும் இடைவெளியை நான் கொடுக்கவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

பிறகு மூன்று அம்மீட்டர்களை முதல் பல்புக்கு முன்னும், இரண்டுக்கும் இடையிலும், இரண்டாவதற்குப் பின்னும் வைத்தார்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டின. உடனே ஒருவர், மீட்டர் வேலை செய்யவில்லை என்றார். மூன்றாம் மேசைக் கதை எல்லாருக்கும் நினைவிருந்ததால் சிரிப்பு எழுந்தது. ஆய்வு மாணவி சிரிக்காமல், மீட்டரைச் சந்தேகிப்பது நல்லது, எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டார். மாணவர்களே அம்மீட்டர்களை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பொறுப்பாசிரியனாக நான் அந்த ஆய்வகத்தில் கண்ட உண்மையான சோதனை என்று சொன்னால் அந்த இருபது நிமிடங்களைத்தான் சொல்வேன்.

கடைசியில் நிலைத்த உவமை சைக்கிள் சங்கிலி. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளை ஓட்டியவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். சங்கிலியின் எந்தக் கண்ணியும் செலவாவதில்லை, எங்கே பார்த்தாலும் அதன் வேகம் ஒன்றே, ஆனாலும் காலின் உழைப்பு பின்சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. பில் உழைப்புக்கு, சங்கிலிக்கு அன்று. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம் என்பதால் அங்கே சங்கிலி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் என்பதையும் கடைமடை மாணவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆர்வமா, தப்பித்தலா

டிசம்பரில் நான் கவனித்தவை இவை. தம் முறை இல்லாத நாள்களிலும் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். மாலை ஆறு மணிக்குமேல் முன்கணிப்புத் தாள்களை வகை பிரித்துக்கொண்டிருந்தார். செலவாகும் மின்னோட்டம், இரு முனையிலிருந்தும் வந்து மோதும் மின்னோட்டம், மின்கலமே நிலையான மின்னோட்டம் தருகிறது என்ற எண்ணம் என்று ஒவ்வொரு பிழைக்கும் ஓர் உறை. உறையின்மேல் மென்படல மாதிரிகளுக்கு எழுதுவதுபோலவே தேதியும் எண்ணும். தேநீர்க் கடையில் ஒருமுறை, “சார், சரியான விடையெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. தப்பான விடையப் படிக்கத்தான் எனக்கு ஆசையா இருக்கு” என்றார். மாணவர்கள் அதற்குள் அக்கா என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். எப்போது மாறியது என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

அவருடைய நெறியாளருக்கு இது பிடிக்கவில்லை. அவர் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருத்தி அனுப்ப வேண்டிய ஆய்வுக்கட்டுரை ஒன்று இரண்டு மாதமாகக் கிடந்தது. ஆய்வில் முட்டுக்கட்டை வரும்போது மாணவர்கள் வேறெதிலாவது தஞ்சம் புகுவதை அவர் பலமுறை பார்த்தவர். கருவி பழுதானதால்தான் இவர் ஆய்வகத்துக்கே வந்தார் என்பதும் உண்மை. இது கற்பித்தல்மேல் வந்த விருப்பமா, ஆய்விலிருந்து ஓடுவதற்குக் கிடைத்த கதவா என்று அவர் என்னிடம் நேராகவே கேட்டார். நான் உறுதியாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

இதற்கிடையில் 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவின் புதிய முனைவர் பட்ட விதிமுறைகள் அறிவிக்கப்பட்டன. எந்தத் துறை ஆய்வு மாணவரும் தம் பாடத்தைக் கற்பிப்பதிலும் எழுதுவதிலும் பயிற்சி பெற வேண்டும் என்றும், வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் ஆய்வகம், பயிற்சி வகுப்பு, மதிப்பீடு ஆகிய பணிகளைக் கொடுக்கலாம் என்றும் அவை கூறின. இவர் பழைய விதிகளின்கீழ்ப் பதிவு செய்தவர். ஆயினும் துறைக் கூட்டத்தில் இந்த விதியை நான் எடுத்துக் காட்டியது, ஆய்வகப் பணி வீண்வேலை என்ற பேச்சை ஓரளவு அடக்கியது.

ஜனவரியில் எக்ஸ்.ஆர்.டி. கருவி சரியானது. மூவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். நான்கு வாரம் அவர் ஆய்வகத்துக்கு வரக்கூடாது. அளவீடுகளை முடித்துக் கட்டுரையைத் திருத்தி அனுப்ப வேண்டும். அதன் பிறகும் கற்பிக்க விரும்பினால் நெறியாளர் தடுக்கக்கூடாது. இதைப் பரீட்சை என்று எவரும் வாயால் சொல்லவில்லை என்றாலும் பரீட்சையாகத்தான் இருந்தது. அவர் நான்கு வாரத்தில் இரண்டையும் முடித்தார். திரும்பி வந்த அன்று, கட்டுரையை அனுப்பியபோது நிம்மதி வந்ததாகவும் உறைகளைத் திறந்தபோது பசி வந்ததாகவும் சொன்னார். நெறியாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வகுப்பறையில் சறுக்கல்

அடுத்து நடந்தது என் தவறு. ஆய்வகத்தில் இவ்வளவு நன்றாகச் செய்பவர் வகுப்பிலும் செய்வார் என்று எண்ணி, அதே மாணவர்களுக்கு மின்காந்தவியலில் ஓர் அலகை முழுமையாக அவரிடம் ஒப்படைத்தேன். யாரும் உடனிருக்கவில்லை, முன்தயாரிப்பு எதையும் நான் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அவர் வந்து, தமக்கு இது வரவில்லை, ஆய்வகத்தில் நடந்தது ஏதோ அதிர்ஷ்டம் என்றார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அறுபது ஸ்லைடுகள். வருவிப்புகள் பிழையின்றி, வேகமாக. கேள்விகள் கேட்கத்தான் செய்தார். ஆனால் இரண்டு நொடி அமைதி தாங்காமல் விடையையும் தாமே சொல்லிவிட்டார். எந்தக் கல்லூரி வகுப்புகளைக் குறைசொன்னாரோ அதே வகுப்பைத் திரையில் நடத்திக்கொண்டிருந்தார். ஆய்வகத்தில் மாணவரின் கையில் கம்பி இருந்தது. அது அவரைக் காத்திருக்க வைத்தது. வகுப்பறையில் காத்திருக்க ஒரு காரணம் இல்லை. கற்பித்தலில் விருப்பம் என்றால் பேசுவதில் விருப்பம் என்று அதுவரை நானும்தான் எண்ணியிருந்தேன். இவருடைய விருப்பம் கேட்பதில் இருந்தது.

ஹார்வர்டில் எரிக் மஜூர் 1991இல் தொடங்கிய முறையை அவரிடம் விவரித்தேன். ஒரு கருத்துக் கேள்வி, சில தெரிவுகள், ஒவ்வொருவரும் தனியே ஒரு விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதிட வேண்டும், மீண்டும் விடை. கருவி எதுவும் இல்லாததால் விரல்களை நெஞ்சருகே மறைவாகக் காட்டச் செய்தோம். உயர்த்தினால் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை விரலை மாற்றிக்கொள்கிறது. தெரிவுகளில் தவறானவற்றை அவர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. உறைகளிலிருந்து எடுத்தார். அதனால் ஒவ்வொரு தவறான தெரிவுக்கும் வகுப்பில் நிஜமான ஆள் இருந்தது, வாதமும் சூடாக இருந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. அலகின் கடைசி இரண்டு தலைப்புகளை வகுப்பில் நடத்த முடியவில்லை. அச்சிட்ட குறிப்பாகக் கொடுத்தார். பருவத் தேர்வில் அவற்றிலிருந்து ஒரு பெரிய கேள்வி வந்தது. சில மாணவர்கள் துறைத் தலைவரிடம் புகார் கொடுத்தார்கள், அது நியாயமான புகார்தான்.

பின்னர் நிகழ்ந்தவை

மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு, குறிப்பிடும்படி உயரவில்லை என்பதே என் பதில். செய்முறைத் தேர்வில் சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு என்ற பழைய பங்கீடு அப்படியே இருந்தது. அதற்கு எது போதுமோ அதையே எல்லாரும் செய்தார்கள். மாறியது ரெக்கார்டுகளின் தோற்றம். அடித்தல்கள், திரும்ப எடுத்த அளவீடுகள், இந்த வரைபடம் ஏன் வளைந்தது என்று தெரியவில்லை என்பது போன்ற வரிகள் வந்தன. தமிழ்வழி மாணவர்கள் அதிகம் எழுதினார்கள்.

ஆய்வு மாணவி ஆய்வேட்டைத் திட்டமிட்டதைவிட ஏறத்தாழ அரையாண்டு தாமதமாகச் சமர்ப்பித்தார். அதில் சில மாதங்கள் உதவித்தொகை முடிந்துபோன மாதங்கள். வீட்டில் கேட்ட கேள்விகளை அவர் என்னிடம் முழுமையாகச் சொன்னதில்லை. தாமதத்தில் எத்தனை பங்கு பழுதான கருவியால், எத்தனை பங்கு கற்பித்தலால் என்று பிரிக்க முடியாது. இப்போது அவர் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர். விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். நடைமுறையில் அதற்கும் மேலே. ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர் விண்ணப்பிக்கவில்லை. சேர்ந்த அன்று முதலாண்டு ஆய்வகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டதாக எழுதியிருந்தார். அங்கே யாரும் போட்டிக்கு வராததால் எளிதில் கிடைத்ததாம்.

எங்கள் துறையில் அவர் விட்டுச்சென்றது நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் ஆய்வு மாணவர் பொறுப்பேற்றார். நல்லவர், கடமையைச் செய்பவர். இரண்டாம் மாதத்துக்குள் முன்கணிப்புத் தாள்கள் வாட்ஸாப் குழுவில் சுற்றத் தொடங்கின. முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதிய தவறான விடைகளையே அழகான கையெழுத்தில் நகலெடுத்துக் கொடுத்தார்கள். தாளை யாரும் படிக்கவில்லை என்பதை மாணவர்கள் எங்களுக்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

மறுபடி செய்தால்

நான்கு வார இடைவெளி போன்ற ஒன்றை மீண்டும் வைப்பேன். ஆனால் அதை ஆய்வாளருக்கு வைக்கும் பரீட்சையாக அன்றி, இரண்டு வேலைகளுக்கும் முன்கூட்டியே ஒதுக்கிய காலமாக, நெறியாளரின் ஒப்புதலோடு பருவத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பேன். ஆய்வகத்தில் செலவான மணிகளை அப்போது யாரும் கணக்கில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாமதத்தைப் பற்றிய வாதம் இவ்வளவு கசப்பாக இருந்திருக்காது.

முதல் வகுப்பறைப் பாடத்தை எவருக்கும் தனியே ஒப்படைக்க மாட்டேன். முதல் மூன்று வகுப்புகளிலாவது பின்வரிசையில் இருப்பேன். அலகு முழுவதையும் கொடுக்காமல் இரண்டு மூன்று மணி நேரப் பகுதியைக் கொடுத்துப் பார்த்திருந்தால் மாணவர்களுக்கு அந்த இரண்டு தலைப்புகள் தவறியிருக்காது.

செய்முறை மதிப்பீட்டில் அட்டவணைக்கு உள்ள மதிப்பெண்ணில் ஒரு பகுதியைக் கருவியைச் சரிபார்த்ததற்கு மாற்ற வேண்டும் என்று பாடத்திட்டக் குழுவுக்கு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு மேசையில் பழுதான கருவியை வேண்டுமென்றே வைத்து, அதைக் கண்டறிந்து சொல்பவருக்குக் கையெழுத்திடலாம் என்பது ஆய்வு மாணவி போகும்போது சொன்ன யோசனை. அதற்கு மூன்றாம் மேசைக் கால்வனாமீட்டரையே வைத்துக்கொள்ள நினைத்து, ஆய்வக உதவியாளரிடம் இருப்புப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். அந்த வரிக்கு நேரே, ஆண்டுதோறும் சரிபார்த்தவர்களின் கையெழுத்துகளோடு, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருந்தது. கடைசி இரண்டு கையெழுத்துகள் என்னுடையவை.